எரிச்சலும் அநீதியும்

"கடையில் சாமான் வாங்குவதைப் பற்றியும் ஒரு கட்டுரையா? எழுதுவதற்கு நாட்டிலே வேறு பிரச்சினைகள் இல்லையா?" என்று என்னோடு படிப்பிக்கும் நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. உழைப்புக்கேற்ற கூலி கிடையாது மக்கள் வாடும் ஒரு நாட்டிலே, ஒருவர் தக்காளிகளை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்க்கிறார், இன்னொருவர் தள்ளுவண்டியை நடைவழியின் குறுக்கே நிறுத்திவிட்டுத் தொலைபேசியிற் கதைக்கிறார், வேறொருவர் வேண்டாமென்று விட்ட மீன் பொதியைப் பிஸ்கற் தட்டிலே வைத்துவிட்டுப் போகிறார் என்றெல்லாம் முறையிடுவது வயிறு நிறைந்தவர்களின் பொழுதுபோக்காகவே தோன்றும். ஆயினும், சென்ற மாத இறுதியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி, இந்த அற்ப விஷயங்களுக்குள்ளே அற்பமல்லாத ஒரு கேள்வி ஒளிந்திருப்பதை எனக்குக் காட்டியது. அதனை ஒளிக்காமற் சொல்லிவிட்டே மேலே செல்ல விரும்புகிறேன்.

பாடசாலை விட்டபின், எங்கள் பட்டினத்திலுள்ள ஒரு பல்பொருள் அங்காடியிற் காசு கட்டும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி. அரிசி, பருப்பு, சவர்க்காரம், ஒரு பால்மாப் பைக்கற்று. தொகையைக் கேட்டதும் அவர் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து நாணயங்களை எண்ணத் தொடங்கினார். காணவில்லை. மறுபடியும் எண்ணினார். அப்பொழுதும் காணவில்லை. "பால்மாவை எடுத்துவிடு பிள்ளை" என்றார். பதிந்த பொருளைக் கணக்கிலிருந்து நீக்க மேற்பார்வையாளர் வந்தாக வேண்டுமாம். அவரைத் தேடி ஓர் ஆள் போயிற்று. எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்ததோடு நில்லாமல் எல்லோருக்கும் கேட்கும்படி சூள் கொட்டினேன். மூதாட்டி திரும்பி, "தம்பி, குறை நினையாதேங்கோ" என்றார்.

அந்த வேளையிலே மேற்பார்வையாளர் வந்தார். அவரோடு கூடவே, கைநிறையப் பொருள்களோடு, ஊரறிந்த ஒரு பெரிய மனிதரும் வந்தார். வரிசையை அவர் பார்க்கவே இல்லை. மூதாட்டியின் கணக்கு முடிந்ததும் அவருடைய பொருள்கள் என்னுடையவற்றுக்கு முன்னால் ஏறின. அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "பரவாயில்லை ஐயா" என்றுங் கூறினேன்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த இரண்டு செயல்களும் ஒன்றையொன்று பார்த்தபடி என் மனத்தில் நின்றன. தவறொன்றுஞ் செய்யாதவரிடம் கோபத்தைக் காட்டினேன். தவறு செய்தவரிடம் பல்லைக் காட்டினேன். இது ஏன் நிகழ்ந்தது?

முதலிலே ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எரிச்சல் வேறு, அநீதி வேறு. எரிச்சல் என்பது நம் வசதிக்கு இடையூறு நேரும்போது நமக்குள்ளே எழுகின்ற ஓர் உணர்ச்சி. அநீதி என்பது ஒருவருக்கு உரியதை இன்னொருவர் பறிப்பதனால் மனிதர்க்கிடையே உண்டாகும் ஒரு நிலை. இரண்டும் சிலவேளை ஒன்றாக வரும், பலவேளை வருவதில்லை. மூதாட்டி என்னுடைய ஐந்து நிமிடங்களை எடுத்துக்கொண்டார். எனினும் எனக்குரிய எதனையும் அவர் பறிக்கவில்லை. அந்த நிமிடங்கள் அவருடைய முறைக்கு உரியவை. பெரிய மனிதர் எடுத்துக்கொண்டது இரண்டு நிமிடமே. எனினும் அவை அவருக்கு உரியவையல்ல. நேரத்தைக் கொண்டு அளந்தால் மூதாட்டியே குற்றவாளி. நீதியைக் கொண்டு அளந்தால் அவர் குற்றமற்றவர். எரிச்சலை அளவுகோலாகக் கொள்கிறவன் எளியோரையே தண்டிப்பான். ஏனெனில் நம்மைத் தாமதப்படுத்துபவர்கள் பெரும்பாலும் முதியோர், கைக்குழந்தையோடு வந்தவர்கள், எழுத்தறியாதோர், கையிலுள்ள காசை எண்ணி எண்ணிச் செலவிட வேண்டியவர்கள். வசதி படைத்தவன் அட்டையை நீட்டிவிட்டு விரைந்து போய்விடுகிறான்.

"வரிசை என்ன அவ்வளவு புனிதமானதா?" என்று கேட்கலாம். நம்முடைய மண்ணின் வரலாற்றை அறிந்தவர் அப்படிக் கேட்கமாட்டார். முந்தி வந்தவர் முந்தி, பிந்தி வந்தவர் பிந்தி என்பது எளிய விதிதான். ஆனால், வந்தவர் யார், எந்தக் குலம், எவ்வளவு காணிக்குச் சொந்தக்காரர் என்று கேளாத விதி அது. யாழ்ப்பாணத்திலே ஒடுக்கப்பட்ட சாதியினருக்குத் தேநீர்க் கடைகளின் உள்ளே இடமிருக்கவில்லை. வெளியே நிறுத்திவைத்துப் போத்தலிலும் தகரப் பேணியிலும் ஊற்றிக் கொடுத்த காலத்தை நேரிற் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். அங்கே முந்தி வந்தமைக்கு எந்தப் பயனுமில்லை. பிறப்பே வரிசையைத் தீர்மானித்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பெயரால் ஒருவரைக் கடையினுள்ளோ உணவுச்சாலையினுள்ளோ புகவிடாது தடுத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் வந்தவுடன் கதவுகள் தாமாகத் திறந்துவிடவில்லை. மக்கள் போராடினார்கள், அடிபட்டார்கள், 1968இலும் மாவிட்டபுரத்திலே கோயில் வாயிலில் நின்று போராட வேண்டியிருந்தது. இன்று கடையிலே, யாரென்று கேளாத ஒரு வரிசையில் நாம் நிற்கிறோமென்றால், அது மேல்நாட்டாரிடமிருந்து கற்ற வெறும் நாகரிகமன்று. நம்மவர்கள் விலை கொடுத்து வாங்கிய சமத்துவத்தின் ஒரு சிறு துண்டு. அதனைக் குறுக்கறுத்துச் செல்பவர் இரண்டு நிமிடத்தை மட்டுமா எடுக்கிறார்? "என் முகமே எனக்கு முறை" என்ற பழைய விதியையல்லவா திரும்பக் கொண்டுவருகிறார்? அதற்குச் சிரித்துத் தலையசைப்பவன் அந்த விதிக்குச் சாட்சிக் கையெழுத்து வைக்கிறான்.

ஆயினும், வரிசையே முழு நீதி என்று கொள்ளவும் முடியாது. வரிசை பங்கீட்டின் ஒழுங்கைத்தான் தரும். பங்கிடுவதற்குப் பொருள் இல்லாதபோது அதனால் எதுவுஞ் செய்ய இயலாது. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942இல், அரிசிப் பங்கீடு வந்தது. கூட்டுறவுச் சங்கக் கடைகள் ஊர்தோறும் பெருகின. கூப்பனோடு காத்து நிற்பது அன்றாட வாழ்க்கையாயிற்று. பங்கீட்டரிசி கொத்தொன்றின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, 1953 ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. அமைதியாக வரிசையில் நின்ற அதே மக்களே அன்று வீதிக்கு வந்தனர். அவர்களுக்கு ஒழுங்கு தெரியாமற் போய்விட்டதா? இல்லை, முறைக்குக் காத்து நிற்பதற்கும் அநியாயத்துக்குத் தலை குனிவதற்கும் உள்ள பேதம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2022இல் நாம் எல்லோரும் அந்தப் பாடத்தை மறுபடியும் படித்தோம். எரிவாயுவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. வெயிலில் நின்ற முதியோர் சிலர் வரிசையிலேயே உயிரிழந்தனர். மார்ச் மாதத்தில் எரிபொருள் நிலையங்களுக்கு இராணுவம் அனுப்பப்பட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்குத் தொண்ணூறைத் தாண்டியது. அந்த வரிசைகளிலே நான் இரண்டையுங் கண்டேன். கூலிக்கு ஆள் நிறுத்தி இடம் பிடித்தவர்களையுங் கண்டேன். கர்ப்பிணி ஒருத்தியை எவரும் ஏவாமலே முன்னால் அனுப்பி, அவளுடைய வெற்றுச் சிலிண்டரையும் தூக்கிக் கொடுத்தவர்களையுங் கண்டேன். இரு சாராரும் வரிசையைக் குழப்பியவர்களே. ஆனால் ஒன்று பணத்துக்காகக் குழப்பியது. மற்றது தேவைக்காகக் குழப்பியது. முதலாவதற்கு நின்றவர்களின் சம்மதம் இல்லை; இரண்டாவது அவர்களுடைய சம்மதத்தாலேயே நடந்தது. சலுகைக்கும் உதவிக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்: சலுகையை வல்லவன் எடுத்துக்கொள்கிறான்; உதவியை நிற்பவர்கள் கொடுக்கிறார்கள்.

இனி, காசுப் பெட்டியின் மறுபக்கத்தைப் பார்ப்போம். பழந்தமிழ் இலக்கியம் விற்பவனின் அறத்தை விரிவாகவே பேசுகிறது. பட்டினப்பாலை, கொள்வதை மிகையாகக் கொள்ளாமலும் கொடுப்பதைக் குறைவாகக் கொடாமலும் வாணிபஞ் செய்தோரைப் போற்றுகிறது. வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் துலாக்கோலை உவமையாக வைத்து, வாணிகரைப் பற்றிய குறளோடு அந்த அதிகாரத்தை முடிக்கிறார். ஆனால் வாங்குபவனின் அறம் என்று ஒன்றைத் தனியே வகுத்துக் கூறும் தேவை அன்று எழவில்லைப் போலும். வாங்குபவனும் விற்பவனும் நேருக்குநேர் நின்று பேசிய அங்காடி அது. நம் ஊர்க் கடையிலும் நேற்றுவரை அப்படித்தான்: முதலாளி சாமானை நிறுத்துச் சரை சுற்றித் தந்தார், நாம் கொப்பியிற் கடன் எழுதுவித்தோம். தக்காளியை நசுக்கினால் அவர் கையைத் தட்டிவிடுவார்.

1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சோண்டர்ஸ் என்பவர் 'பிக்லி விக்லி' என்ற கடையைத் திறந்து, வாங்குபவரே தட்டுகளிலிருந்து பொருளை எடுத்துக்கொள்ளும் முறையைப் புகுத்தினார். 1937இல் ஒக்லஹோமா நகரக் கடையொன்றில் தள்ளுவண்டி வந்தது. எடுத்துக் கொடுப்பவரின் வேலையில் ஒரு பகுதி அன்று நம் கைக்கு மாறியது. முதலாளிக்கு ஆட்கூலி மிச்சமாயிற்று. இந்தப் பொருளாதார உண்மையை நாம் கவனிக்க வேண்டும். நம் கைக்கு வந்த வேலையை நாம் அரைகுறையாக விட்டால், அதன் மிச்சம் முதலாளியின் தலையில் விழுவதில்லை. அங்கே மிகக் குறைந்த சம்பளம் பெறுகிறவரின் தோளிலேயே விழுகிறது. பிஸ்கற் தட்டில் விட்ட மீனை ஒரு பையன் எடுத்து எறிந்து, கசிந்த நீரைத் துடைக்கிறான். குறுக்கே விட்ட வண்டியை இன்னொருவன் தள்ளிச் செல்கிறான். 'வாடிக்கையாளர் சொல்வதே சரி' என்ற வாசகத்தை மேல்நாட்டுப் பெருங்கடைகள் பரப்பின. அந்த வாசகத்தின் செலவைக் கொடுப்பவர் யாரென்று அது சொல்வதில்லை.

2025 நவம்பர் முதலாந் திகதியிலிருந்து பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுத்தல் ஆகாது என்று விதிக்கப்பட்டது. பைக்குக் காசு கேட்ட பெண்பிள்ளையை ஒருவர் வாயில் வந்தபடி ஏசியதை நான் கேட்டேன். விதியை ஆக்கியவள் அவளல்லள். பையின் விலையை நிர்ணயித்தவளும் அவளல்லள். ஆனால், ஆக்கியவர் தொலைவில் இருக்கிறார். நிர்ணயித்தவர் மேல்மாடியில் இருக்கிறார். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவள் அவள் ஒருத்தியே. அவள் திருப்பிப் பேசினால் வேலை போய்விடும் என்பதும் ஏசியவருக்குத் தெரியும். கோபம் ஏன் எப்போதும் கீழ்நோக்கியே பாய்கிறது என்ற என் கேள்விக்கு விடை இங்கே கிடைத்தது. பாய்வதற்கு அந்தத் திசையிலே தடையில்லை, அவ்வளவுதான். மூதாட்டியிடம் நான் சூள் கொட்டியதும் இதனாலேயே.

அந்தப் பிள்ளை நாள் முழுவதும் நின்றபடியே வேலை செய்கிறாள். நம் நாட்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இலேயே வேலைநேரத்தை நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தைந்து மணி என்று வரையறுத்தது. ஆயினும் எட்டு மணி நேரத்தையும் நின்று கழிப்பது என்னவென்பதை நின்றவரே அறிவர். கேரளத்துக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி 2018இல் அதைச் சட்டமாகப் பெற்றனர். 2021இல் தமிழ்நாடும் அவ்வாறே சட்டமியற்றியது. ஒரு நாற்காலிக்காகச் சட்டம்! பத்து நிமிடம் வரிசையில் நின்றதற்காக எரிச்சலுற்ற நான், என் எதிரே காலை முதல் நிற்கிற ஒருத்தியைக் காணவே இல்லையே!

"ஒழுக்க விதிகளெல்லாம் நடுத்தர வர்க்கத்தின் மேற்பூச்சு, சமுதாய அமைப்பு மாறினால் எல்லாம் தாமாக மாறும்" என்று சில தோழர்கள் கூறுவதுண்டு. மேற்பூச்சான ஒழுக்கமும் உண்டென்பதை மறுக்கவில்லை. பெரிய மனிதரிடம் நான் காட்டிய 'மரியாதை' அத்தகையதே. ஆனால், அமைப்பு என்பது ஆகாயத்திலே தொங்குவதன்று. ஒவ்வொரு மாலையும், ஒவ்வொரு காசுப் பெட்டியின் முன்னும், நம் கண்ணாலும் நாவாலும் அது மறுபடி மறுபடி கட்டப்படுகிறது. சமத்துவத்தைப் பற்றி வகுப்பறையில் நாற்பது நிமிடம் பேசிவிட்டு, மாலையில் இரண்டு நிமிடம் அதனைக் கைவிடுகிறவனின் போதனையை மாணவர் நம்புவாரா?

எரிச்சல் எழுவதை நம்மால் தடுக்க முடியாமலிருக்கலாம். ஆனால், எழுந்தவுடன் ஒரு கேள்வியைக் கேட்கலாம்: இவர் எனக்கு இடையூறு மட்டுமே செய்கிறாரா, அல்லது யாருக்கேனும் அநீதி செய்கிறாரா? இடையூறு மட்டுமேயாயின், பொறுப்பது கடமை. அநீதியாயின், பேசுவது கடமை. அன்று நான் இரண்டையும் இடம் மாற்றிச் செய்துவிட்டேன்.

மூதாட்டி பால்மாவை விட்டுவிட்டுப் போனார். அதை வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று என் நண்பர் கூறினார். கொடுத்திருக்கலாம். ஆனால், என்னை அதிகம் வருத்துவது அதுவன்று. குறை நினைக்க வேண்டியவர் அவர். குறை நினையாதேங்கோ என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். இந்த மாதச் சம்பளமும் வந்துவிட்டது. நாளை மறுபடியும் அந்த வரிசையில் நிற்பேன். பெரிய மனிதரும் வரக்கூடும். "ஐயா, வரிசை அந்தப் பக்கம்" என்ற நான்கு சொற்களைச் சொல்ல எனக்குத் தைரியம் வருமா என்பதிலேதான் இந்தக் கட்டுரையின் பெறுமதி இருக்கிறது.