பிள்ளைகளின் தனித்திறன்

ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்குச் சில புள்ளிகள் குறைந்த பிள்ளையை மந்தனென்று தள்ளுகின்றோம். இது தகுமா? நாயன்மார் 63 பேருள் ஆனாயர் ஆநிரை மேய்த்துக் குழலூதினார்; முருகர் மலர்கொய்து மாலை தொடுத்தார்; நேசர் ஆடை நெய்தளித்தார்; கண்ணிலாத தண்டியடிகள் கயிறு தடவித் திருவாரூரிற் குளந் தோண்டினார். இவர்களுள் எவரையும் இறைவன் கல்வியொன்றினால் அளந்திலன்; அவரவர்க்கு இயன்றதனையே தொண்டாக ஏற்றருளினான்.

ஆதலின், பெற்றோரே, பிள்ளை எதனைச் செய்யும்பொழுது பசியையும் மறக்கின்றதோ அதனை உற்றுநோக்குமின். மண் பிசையுங் கை, பாடும் மிடறு, நோயுற்ற பசுவினருகே விழித்திருக்கும் இரக்கம் ஆகிய யாவும் ஈசன் கொடைகளே. அக்கொடையைப் பிள்ளை தானே கண்டுகொள்ளுதற்கு இடமுங் காலமும் அளித்தல் நங் கடன். பத்து வயதில் நாம் இட்ட மந்தனென்னும் பெயர் ஆயுள்முழுதுந் தொடரவும் கூடும். அப்பழி நம்மைச் சாராதொழிக.