எமனும் பனிக்கட்டியும்

"அந்த ஈரலுக்கு உயிர் இருக்கிறதா, ஐயா? இல்லையா?"

செல்லூரில், என் வகுப்பிலே, நெசவாளி வீட்டுச் சிறுவன் எழுந்து நின்று கேட்டான். மதுரையில் எடுக்கப்படும் கல்லீரல், பனிக்கட்டிப் பெட்டியில் சென்னைவரை செல்ல முடியும் என்று கூறிக்கொண்டிருந்தேன். கலைப் பட்டம் பெற்றவன் நான். தத்துவமும் சிறிது படித்தவன்! எனினும் உடனே விடை கூற இயலவில்லை.

புராணிகர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. எருமை ஏறி எமன் வருவான், பாசக்கயிற்றை வீசுவான், ஒரே இழுப்பு! கூட்டைவிட்டுப் பறவை பறந்தது என்பர். ஆனால், மூளை மாண்ட ஒருவனின் உடலிலிருந்து எடுத்த கல்லீரல், ஏறத்தாழ 460 கிலோமீட்டர் கடந்து, வேறொருவர் வயிற்றிலே பித்தநீர் சுரக்கிறதே! அதன்மீது கயிறு விழவில்லையா? விழுந்தும் நழுவியதா?

நழுவச் செய்தது மந்திரமன்று, குளிர். ஏறத்தாழ 4 டிகிரிக்குக் குளிர்வித்தால் கல்லீரலின் பசி பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆனால் அந்தக் குளிரிலே, உப்பை வெளியேற்றும் உயிரணுவின் பொறியும் ஓய்ந்துவிடும். நீர் புகுந்து உயிரணு வீங்கும். அதைத் தடுக்கும் கரைசலை 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பெல்சரும் சதர்டும் உருவாக்கினர். குருதியைக் கழுவி அகற்றி, இத்தகைய கரைசலில் ஈரலை இட்டு, பைக்குள் பையாக வைத்து, வெளியே பனிக்கட்டியைக் குவிக்கிறார்கள். ஈரல் உறைந்துவிடக் கூடாது. உறைந்தால் பனி ஊசிகள் உயிரணுக்களைக் கிழித்துவிடும். இதயத்திற்குச் சுமார் 4 மணி நேரத் தவணை. கல்லீரலுக்குச் சுமார் 12 மணி. 2021-இல் சூரிச் நகரத்தார், பொறியின் துணையால் ஒரு கல்லீரலை 3 நாட்கள் காத்து, பின்னர் பொருத்தியும் காட்டினர்.

ஆகவே, சாவு ஒரு நொடியன்று, படிப்படியாக நடப்பது. மனிதன் மாண்டுவிட்டான், மீளமாட்டான். அவன் ஈரலோ இன்னும் மாளவில்லை.

இதனைச் சிறுவனின் வீட்டில் நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவன் அண்ணன் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, மருத்துவர் உறுப்புக் கொடை பற்றிக் கேட்டார். என்னையும் அழைத்திருந்தனர். "கொறை ஒடம்போட அனுப்புனா, மறுபிறவியில ஈரல் இல்லாமப் பொறப்பான்யா" என்று பாட்டி அழுதாள். நெருப்பு முழு உடலையும் தின்னும்போது எந்த ஈரல் மிஞ்சுகிறது? வாதம் சரிதான், அழுகின்ற கிழவியிடம் அதைக் கூறியதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

தந்தை வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"மறுபிறவிய விடுங்க சார். எம்மகன் ஈரலு யாருக்குப் போகும்? தறிக்காரனுக்கா, காசுள்ளவனுக்கா?"

1994-ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு விற்பனையைத் தடுக்கிறது, காத்திருப்போர் பட்டியல் உண்டு, சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலே ஏழைகளுக்கும் கல்லீரல் பொருத்தியிருக்கிறார்கள் என்றேன். ஆனால், கல்லீரல் மாற்றுச் சிகிச்சை பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகளில்தான் நடைபெறுகிறது என்பதையும் அவர் அறிவார்; நானும் அறிவேன். பேசிக்கொண்டே இருந்தோம். மாலையில் இதயம் தானே நின்றது. கரைசலுக்கும் பனிக்கட்டிக்கும் வேலையில்லாமல் போயிற்று.

2008-இல் ஹிதேந்திரன் என்ற சிறுவனின் பெற்றோர், மருத்துவர்கள், மகனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழகமே நெகிழ்ந்தது. 2023 செப்டம்பரில், கொடையாளரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என அறிவிக்கப்பட்டது. நல்லவை! பாட்டியின் அச்சம் இவற்றால் மெல்லக் கரையக்கூடும். தந்தை கேட்டது அப்படிக் கரையாது, தோழர்களே! அது மூடநம்பிக்கையன்று, கணக்கு. பாட்டியிடம் வாதாடும் நாம், ஸ்டான்லியில் இயன்றது ஒவ்வோர் அரசுப் பெரு மருத்துவமனையிலும் ஏன் இயலாது என்று, கேட்க வேண்டிய இடத்தில் கேட்டோமா?

மறுநாள் வகுப்பில் சிறுவனுக்கு விடை சொன்னேன்: "இருக்கிறது, தம்பி. சுமார் 12 மணி நேரம்."

ஏட்டில் எழுதிக்கொண்டான்.