தனிவழியும் பொதுவழியும்

சென்ற தவணையில் பத்தாம் வகுப்பு மாணவிகளுக்கு, 'நான் விரும்பும் பயணம்' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதும்படி பணித்திருந்தேன். பெரும்பாலோர் கதிர்காமத்துக்கும் நுவரெலியாவுக்கும் குடும்பத்தோடு சென்று மீண்டனர். ஒருத்தி மட்டும், உறங்கவும் சமைக்கவும் வசதி கொண்ட மோட்டார் வீடு ஒன்றைத் தானே ஓட்டிக்கொண்டு, அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை தன்னந்தனியே செல்ல வேண்டுமென எழுதியிருந்தாள். எவரும் தன்னை எதுவும் கேளாத ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, விடியும்வரை உறங்குவேன் என்று கட்டுரையை முடித்திருந்தாள். அதன் ஓரத்தில் நான் சிவப்பு மையால், 'இது யாருடைய கனவு? சிந்திக்க' என்று எழுதினேன். கொப்பியை வாங்கிக்கொண்டவள் ஒன்றுங் கூறவில்லை. ஆனால், அடுத்த கட்டுரையை அவள் மற்றவர்களைப் போலவே எழுதினாள்.

அந்தச் சிவப்பு வரி அன்றிலிருந்து என்னையே வினவி வருகின்றது. முற்போக்காளரென நம்மைக் கூறிக்கொள்ளும் நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. ஓர் ஆசையைக் கண்டதும் அதன் வர்க்க முத்திரையைத் தேடுகிறோம். முத்திரை அகப்பட்டதும் ஆசையை ஆராயாமலே தீர்ப்பை எழுதிவிடுகிறோம். நான் செய்ததும் அதுவே. தனித்துப் பயணஞ் செய்யும் வேட்கை மனித சுதந்திரத்தின்பாற் பட்டதா, அன்றிச் சமுதாயக் கடமையிலிருந்து தப்பியோடும் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கா? அவ்வேட்கை செழித்து வளர்ந்த அமெரிக்க மண்ணில் வைத்தே இவ்வினாவை ஆராய்வது பொருத்தமாகும்.

1960ஆம் ஆண்டு செப்டெம்பரில், 58 வயதினரான நாவலாசிரியர் ஜோன் ஸ்டைன்பெக், லொறியொன்றின் மீது சிறு வீட்டைப் பொருத்தி, டொன் குவிக்சோட்டின் குதிரையாகிய ரொசினான்ரேயின் பெயரை அதற்குச் சூட்டி, சார்லி என்னும் நாயைத் துணைகொண்டு தம் நாட்டைக் காணப் புறப்பட்டார். ஏறத்தாழ 10,000 மைல் நீண்ட அப்பயணம் 1962இல் நூலாயிற்று. அவ்வாண்டிலேயே அவருக்கு நோபல் பரிசுங் கிடைத்தது. தனியே வாகனத்தில் நாடு சுற்ற விரும்பும் அமெரிக்கர் பலருக்கு இன்றும் அந்நூல் வழிகாட்டி. ஆயின், 2010இல் அதே வழியைப் பின்பற்றிச் சென்ற பில் ஸ்டைகர்வால்ட் என்னும் பத்திரிகையாளர், ஸ்டைன்பெக் பல இரவுகளை விடுதிகளிலும் பல நாட்களை மனைவியுடனும் கழித்தாரென எடுத்துக்காட்டினார். நூலிலுள்ள தனிமையின் ஒரு பகுதி புனைவே. இதனால் எழுத்தாளரை எள்ளி நகையாட நான் விரும்பவில்லை. வாழ்ந்து பெற இயலாத தனிமையை எழுதியேனும் பெற முனையுமளவுக்கு அவ்வேட்கை மனிதனிடம் ஆழமானது என்பதையே இது எனக்கு உணர்த்துகின்றது.

அதே ஸ்டைன்பெக் 1939இல் இன்னொரு வண்டியைப் பற்றி எழுதினார். கோபத்தின் கனிகள் என நாம் அறிந்த நாவலில், ஒக்லஹோமா மாநிலத்து ஜோட் குடும்பம் வங்கியாலும் டிராக்டராலும் நிலத்தினின்று துரத்தப்படுகின்றது. பழைய ஹட்சன் காரொன்றை வெட்டி லொறியாக்கி, எஞ்சிய தட்டுமுட்டுகளை ஏற்றிக்கொண்டு, 66ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியே கலிபோர்ணியாவுக்குச் செல்கின்றனர். வழியிலேயே பாட்டனைப் புதைக்கின்றனர். அந்த லொறியும் ஒரு வீட்டைத்தான் சுமந்து சென்றது. ஆனால், ரொசினான்ரே திரும்பி வருவதற்கு லோங் ஐலண்டில் ஒரு வீடு காத்திருந்தது. ஜோட் குடும்பத்தின் லொறிக்குப் பின்னால் இடிந்த சுவரே இருந்தது.

சாலையில் இறங்கவே அஞ்சியோரும் இருந்தனர். நியூயோர்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்னும் தபாற்காரர், கறுப்பின மக்கள் எந்த ஊரில் உண்ணலாம், எங்கே உறங்கலாம், எந்த நிலையத்தில் பெற்றோல் பெறலாம் என்பதைத் தொகுத்து 1936இல் கையேடொன்றை வெளியிட்டார். மூன்று தசாப்தங்கள் அது தேவைப்பட்டது. பொழுது சாய்ந்தபின் கறுப்பர் தங்கலாகாது என்று விதித்த ஊர்கள் பல இருந்த நாட்டில், விரும்பிய இடத்தில் வண்டியை நிறுத்தி உறங்குவது என்பது ஒரு நிறத்தவர்க்கு மட்டுமே உரிய சுதந்திரமாய் இருந்தது.

சாலை ஒன்று, சக்கரங்களும் ஒன்று. ஆயினும், ஒருவர் சுதந்திரர், ஒருவர் அகதி, மற்றொருவர் அந்நியர். இதிலிருந்து நாம் பெறும் முதல் உண்மை, சுதந்திரம் சக்கரத்தில் இல்லை என்பதே. புறப்படும் உரிமை மட்டும் சுதந்திரம் ஆகாது. விரும்பிய இடத்தில் நிற்கவும், விரும்பாதபோது திரும்பவும், திரும்பியபின் குடியிருக்கவும் இயலுமானால் மட்டுமே புறப்பாடு சுதந்திரமாகின்றது.

இது பழங்கதையன்று. நெவாடா மாநிலத்தில் எம்பயர் என்றொரு சிற்றூர் இருந்தது. ஜிப்சம் கம்பெனியொன்றின் ஊர் அது. வீடுகளும் கம்பெனிக்கே உரியவை. 2011 ஜனவரி முடிவில் ஆலை மூடப்பட்டது. வேலையோடு வீடும் போயிற்று. ஊரின் தபாற் குறியீடுகூட நீக்கப்பட்டது. 2017இல் ஜெசிக்கா புரூடர் எழுதிய நோமட்லாண்ட் என்னும் நூல், 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்குப் பின்னர் வாடகையோ வீட்டுக்கடனோ கட்ட முடியாது வண்டிகளையே வீடாகக் கொண்ட முதியோரைப் பதிவு செய்தது. பீட்கிழங்கு அறுவடையிலும் முகாம்களின் மலசலகூடங்களைக் கழுவுவதிலும் அவர்களது முதுமை கழிந்தது. நத்தார்க் காலத்துப் பண்டசாலை வேலைகளுக்கென அமேசன் நிறுவனம் மோட்டார் வீடுகளில் வாழ்வோரைத் தனித் திட்டமொன்றின் கீழ்த் திரட்டியது. வீட்டைத் தானே கொண்டுவரும் தொழிலாளி. வேலை முடிந்ததும் தானே அகன்றுவிடும் தொழிலாளி! மூலதனம் இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. அம்முதியோருட் சிலர், விண்மீன்களின் கீழ்த் தனித்து விழித்தெழுவதில் மெய்யான மகிழ்ச்சி கண்டனர். அதைப் பொய்யுணர்வு என்று ஒதுக்குவது எளிது, ஆனால் நேர்மையாகாது. வறுமை அவர்களைச் சாலைக்குத் தள்ளிற்று என்பதும் உண்மை. சாலையில் அவர்கள் தம்மைத் தாமே கண்டனர் என்பதும் உண்மை. இரண்டாவது உண்மையைக் காட்டி முதலாவதை மன்னிப்பவன் முதலாளித்துவத்தின் விளம்பரக்காரன். முதலாவதைக் காட்டி இரண்டாவதை மறுப்பவனோ மக்களை நேசிப்பதாகக் கூறிக்கொண்டே அவர்களது மனத்தை அவமதிப்பவன். என் சிவப்பு மை இந்த இரண்டாவது குற்றத்தைச் செய்தது.

இனி, 'தன்னந்தனியே' என்னும் சொல்லையும் சற்று ஆராய்வோம். தனியே செல்பவர் எதன்மீது செல்கிறார்? 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் நீளமான சாலைகளுக்கு வழிவகுத்தது. செலவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை மத்திய அரசின் பொதுப்பணம் ஏற்றது. அச்சாலைகளுக்காக, செயின்ற் போல் நகரின் ரொண்டோ போன்ற கறுப்பினத்தவர் குடியிருப்புகள் பிளக்கப்பட்டன. மோட்டார் வீடுகளை ஆக்குவதில் முதன்மை பெற்ற இந்தியானா மாநிலத்து எல்கார்ட் பகுதியில், 2009இல் வேலையற்றோர் தொகை நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டிற்று. நகரும் வீடுகளைக் கட்டிய கைகளே தம் நிலையான வீடுகளுக்குத் தவணை கட்ட வகையற்று நின்றன. தனிவழி என்று நாம் கருதுவது ஆயிரமாயிரம் பேர் சமைத்த பொதுவழியே. தனிமை என்பதும் சமுதாய உழைப்பின் விளைபொருளே.

அப்படியானால் தனிமை பொய்யா? அன்று. நூலகத்தில் தனித்திருந்து படிப்பவனுக்கு அந்நூலை அச்சுக்கோத்தவனும், கட்டடத்தை எழுப்பியவனும் துணைநிற்கின்றனர்; எனினும் அவன் பெறும் சிந்தனை அவனுடையதே. உழைப்பு பொதுவானது என்பதனால் அனுபவம் பொய்யாவதில்லை, அது கடனாகின்றது. கடனை உணர்ந்த தனிமை மனிதனைச் சமுதாயத்திடம் மீட்டுக்கொண்டு வரும். உணராத தனிமையோ, சாலையைத் தன் சொத்தென எண்ணி, வழியோரத்தில் உறங்கும் ஏழையைப் பொலிசாரிடம் காட்டிக்கொடுக்கும். 2024 ஜூன் 28ஆம் நாள் அமெரிக்க உயர்நீதிமன்றம், ஓரிகன் மாநிலத்துக் கிராண்ட்ஸ் பாஸ் நகரின் வழக்கில், வேறு புகலிடம் அற்றோராயினும் பொதுவிடத்தில் தங்கி உறங்குவோரைத் தண்டிக்கும் சட்டங்கள் அரசியலமைப்பு விலக்கும் கொடுந்தண்டனை ஆகா என்று தீர்ப்பளித்தது. உல்லாசிக்கு உறக்கம் ஓய்வு. ஏழைக்கு அதுவே குற்றம்.

மீண்டும் 1960ஆம் ஆண்டுக்குச் செல்வோம். ஸ்டைன்பெக் தம் பயணத்தின் இறுதிக்கட்டத்தில் நியூ ஓர்லியன்ஸ் நகரை அடைந்தார். அங்கே, தம் வண்டியையும் நாயையும் ஒருபுறம் விட்டுவிட்டு, வாடகைக் காரில் ஏறிப் பாடசாலையொன்றின் வாயிலுக்குச் சென்றார். வெள்ளையர் பாடசாலைக்குச் சென்ற கறுப்பினச் சிறுமியை வளர்ந்த பெண்கள் கூடிநின்று வசைபாடிய கொடுமையை அவர் கண்டது, மோட்டார் வீட்டின் சன்னல் வழியாக அன்று, கூட்டத்தினிடையே நின்றே.

அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் ரூபி பிரிட்ஜஸ் என்னும் ஆறு வயதுச் சிறுமி வில்லியம் பிரான்ட்ஸ் பாடசாலைக்குள் நுழைந்தாள். காரிலிருந்து வாயில்வரை சில அடிகளே. மத்திய அரசின் காவலர் சூழ அவள் நடந்தாள். வெள்ளைப் பெற்றோர் தம் பிள்ளைகளை விலக்கிக்கொண்டனர். ஆண்டு முழுவதும் பார்பரா ஹென்றி என்னும் ஆசிரியை, ஒரே ஒரு மாணவியைக் கொண்ட வகுப்பறையில் அவளுக்குக் கற்பித்தார். பெற்றோல் நிலையத்தில் வேலை செய்த அவளது தந்தை வேலையிழந்தார். பத்தாயிரம் மைல் சென்ற எழுத்தாளரின் பயணத்தைவிட இச்சிறுமியின் சில அடிகள் நெடியவை. அவருடைய தனிமை அவரே விரும்பியது. இவளுடையதோ பிறர் சுமத்தியது. அதனையும் ஓர் ஆசிரியை பகிர்ந்துகொண்டார் என்பதை, ஆசிரியராகிய நாம் மறத்தலாகாது.

என் மாணவியின் கட்டுரையை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். அவள் பளபளக்கும் வண்டியை வருணிக்கவில்லை. எவரும் தன்னை எதுவுங் கேளாத ஓரிடத்தையும், விடியும்வரை அச்சமற்ற உறக்கத்தையுமே கேட்டாள். மாலை ஆறு மணிக்குப்பின் வீதியில் நின்றால், 'எங்கே போகிறாய், யாரோடு போகிறாய்' என்று நாற்றிசையும் வினவும் சமுதாயத்தில் ஒரு பெண் கேட்ட கேள்வி அது. ஸ்டைன்பெக்கை அவ்வாறு வினவியோர் எத்தனை பேர்? என்னையே அவ்வாறு வினவியோர் எத்தனை பேர்? அவளது ஆசை அமெரிக்க உருவத்தில் வந்தது. வலி இங்கேயே பிறந்தது. உருவத்தைக் கண்ட நான் வலியைக் காணவில்லை.

கனவுகளைப் பங்கீட்டு அட்டையில் அளந்து கொடுப்பது நமது பணியன்று. சிலருக்கு மட்டும் வாய்க்கும் நலத்தைக் கண்டு, அந்நலத்தையே பழிப்பது முற்போக்கும் அன்று. தனித்திருக்கும் உரிமையும், திரும்பி வர ஒரு வீடும் எல்லாருக்கும் கிட்டவேண்டுமெனப் போராடுவதே முற்போக்கு.

அந்தக் கொப்பியை நான் மீண்டும் கேட்டு வாங்கினேன். சிவப்பு மையை அழிக்க முடியாது. அதன் கீழே, 'வினா பிழையானது. இக்கனவு ஏன் எல்லாருக்கும் கைகூடவில்லை என்றே கேட்டிருக்க வேண்டும்' என்று எழுதி, என் பெயரையும் இட்டுக் கொடுத்தேன். அவள் இன்னும் மறுமொழி கூறவில்லை. கூறவேண்டிய கட்டாயமும் அவளுக்கில்லை.