முழக்கமும் தீர்ப்பும்

“இது சங்கீதம், அது வெறும் சத்தம்” என்று ஒருவர் பிரித்துரைக்கும்போது அவர் இசையைப் பற்றி மட்டுமா பேசுகிறார்? தாம் எங்கே அமர்ந்து கேட்கிறார், யாருடன் அமர்ந்து கேட்கிறார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார் என்பது நமது கருத்து.

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவை எண்ணிப் பார்ப்போம். குறிகட்டுவானில் படகேறி வந்த மக்கள் வீதியெல்லாம் நிறைந்திருப்பர். அங்கே தவில் முழங்குவது கூரையிட்ட மண்டபத்துக்காக அன்று. கடற்காற்று ஒலியை அள்ளிக்கொண்டு போகும் வெளிவீதியில், கூட்டத்தின் கடைசி வரிசையில் பிள்ளையைத் தோளில் ஏற்றி நிற்பவனுக்கும் அது எட்டவேண்டும். தோலின் இறுக்கமும், விரல்களில் மாட்டிய கூடுகளும், மறுகையின் கழியும் அந்தத் தேவைக்கு ஏற்றவை. யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் விடியவிடியத் தவில் கேட்டவர்களுக்கு அது துணைக்கருவியன்று, தலைமைக் கருவி.

சபாவில் நாற்காலியிட்டு அமர்ந்த விமர்சகருக்கோ அது காதடைக்கும் கருவி! ஆகவே ‘மங்கள இசை’ என்று தொடக்கத்தில் சிறிது நேரம் ஒதுக்கிவிட்டு, முதன்மையை வாய்ப்பாட்டுக்கு அளிப்பது வழக்கமாயிற்று. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் (1933–1975) கைவன்மையைத் தமிழகமும் வியந்து கேட்டது. அவரது கருவிக்கு இட்ட வரிசை மட்டும் மாறவில்லை.

இப்பழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 1979 மே மாதம் லண்டன் ‘சவுண்ட்ஸ்’ இதழ் ‘பிரித்தானிய ஹெவி மெட்டலின் புதிய அலை’ என்றொரு பெயரை அச்சிட்டது. எண்பதுகளில் உலகப் புகழ் பெற்ற அயர்ன் மெய்டனும் டெஃப் லெப்பர்டும், ஓசையில் ஒன்றையொன்று ஒவ்வாதவை எனினும், அந்த ஒரே சாக்கில் கட்டப்பட்டன. பர்மிங்காம், ஷெஃபீல்ட் போன்ற தொழில் நகரங்களில் வளர்ந்த அவ்விசையை நாசூக்கான விமர்சகர் பலர் இரைச்சலென்று தள்ளினர். ஆலையின் ஓசையிடையே வளர்ந்தவன் எதை மென்மையாகப் பாடவேண்டும் என்று அவர்கள் எதிர்பார்த்தனரோ!

போகட்டும். தவிலுக்குச் சபாவின் வாசல்வரையேனும் இடமுண்டு. பறைக்கு? அது சாவீட்டுக்குரியது என்று ஒதுக்கப்பட்டபோது வகுக்கப்பட்டது இசையன்று, அடித்தவனின் சாதி. அதன் தாளக் கணக்கை ஆராய அன்றைய சங்கீத விமர்சனம் மெனக்கெடவில்லை. கட்டாய ஊழியமும் இழிவும் தாங்காமல் பலர் அத்தொழிலையே உதறினர்.

இன்று நாம் பறையை ‘நாட்டார் கலை’ என்றும் மரபுச் செல்வம் என்றும் போற்றி மேடையேற்றுகிறோம். மாணவர்கள் அதைத் தோளில் மாட்டி ஆடுவது கண்டு மகிழ்கிறோம், மகிழ வேண்டியதே. ஆனால், பறையை எறிந்தவனின் பேரனிடம் சென்று, “உன் பாட்டன் ஒரு கலையை அழியவிட்டான்” என்று குறைகூற நமக்கு என்ன உரிமை? பாட்டன் எறிந்தது ஓசையையா? ஊர் அவன் கழுத்தில் மாட்டிய கட்டளையை அல்லவா? மேடைப் பறைக்குக் கைதட்டும் நாம், நாளை நம் வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால் அதை அடிக்க யாரை அழைப்போம், அவரைப் படலைக்கு உள்ளே நிறுத்துவோமா, வெளியே நிறுத்துவோமா?