வர முடியாதவருக்கு எது தருமம்?



பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் அன்னதானத்துக்குக் குறைவில்லை. சாம்பார் சாதம், மோர், தண்ணீர் என்று கொடுக்கிற கைகள் ஓய்வதில்லை. வயிறு நிறைந்தவருக்கும் இன்னொரு தொன்னை கிடைக்கும். ஆனால் பாதைக்கு இரண்டு தெரு தள்ளிப் படுக்கையில் கிடக்கும் கிழவியும், கால் வழங்காத மனிதரும் அந்த வரிசைக்கு வர முடியாது. வந்தவருக்குக் கொடுத்ததோடு தருமம் முடிந்துவிட்டதா?

தாழ்ந்து கிடப்பவரைக் காப்பதே தருமம் என்று காட்டியவர் அய்யா வைகுண்டர். கிடப்பவர் எழுந்து வரமாட்டார். ஆகவே காப்பவர்தான் அவரிடம் நடந்து போக வேண்டும்.

அதே மலையில் இதற்கு ஒரு சாட்சி உண்டு. கணவனையும் பிள்ளைகளையும் இளவயதிலேயே பறிகொடுத்த எச்சம்மாள் என்ற அம்மையார், விரூபாட்ச குகையில் இருந்த ரமணருக்கு நாள்தோறும் சோறு சமைத்து மலையேறிக் கொண்டு போனார். ரமணர் கேட்கவில்லை. அந்த அம்மையார் பௌர்ணமிக்காகக் காத்திருக்கவும் இல்லை. பல ஆண்டுகள் அந்தத் தொண்டு நின்றதில்லை.

அரசும் இந்த வழியில் கால் வைத்திருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தை வீட்டுக்கே கொண்டு போகிறது. 2025 ஆகஸ்டில் வந்த தாயுமானவர் திட்டத்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டு வாசலுக்கே ரேஷன் பொருள் வருகிறது. முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் பெயர் பதியாதவருக்கு இவை எட்டாது. மனு எழுதவும், இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போகவும், தேய்ந்த விரலில் ரேகை விழாதபோது பக்கத்தில் நின்று பேசவும் ஓர் ஆள் வேண்டும்.

“பெற்ற பிள்ளைகள் இருக்க, ஊர் ஏன் சுமக்க வேண்டும்? ஊர் பார்த்தால் பிள்ளை கைகழுவி விடுவானே” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பிள்ளையின் கடமை ஒருநாளும் தீராது. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து, மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பெறவும் வழி உண்டு. ஆனால் உத்தரவு வரும்வரை பசி பொறுக்காது. அந்த மனுவைக் கொண்டு போய்க் கொடுக்கவும் துணை வேண்டும். பிள்ளையே இல்லாதவரும் இருக்கிறார்கள்.

கொடுக்கும் விதமும் தருமத்தில் சேர்ந்தது. சாமிதோப்பு முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீர் எடுத்தார்கள். அங்கே ஒருவர் கொடுப்பவர், மற்றவர் இரப்பவர் என்ற பேதம் இல்லை. குனிந்த தலைக்குத் தலைப்பாகை தந்த அய்யாவின் மக்கள், கிடப்பவரைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டலாகாது. பெயர் சொல்லி அழைத்து, என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்க வேண்டும். கண்ணாடியில் காணும் இறை அந்தப் பாயிலும் இருக்கிறது.

அன்புக்கொடி மக்கள் ஒவ்வொரு நிழல்தாங்கலிலும் ஒரு நோட்டு வைக்கலாம். முன்பு பணிவிடைக்கு வந்து, இப்போது வர இயலாதவர் பெயர்களை அதில் எழுதலாம். ஞாயிறு பணிவிடை முடிந்ததும் இரண்டு பேர் இனிமத்தை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போகலாம். சற்று உட்கார்ந்து பேசலாம். முதியோர் உதவி எண் 14567ஐச் சுவரில் எழுதி வைத்துவிட்டு வரலாம். அடுத்த ஞாயிறும் போக வேண்டும்.

அய்யா துணை.