நடுவர் அறியாத ஒலி

இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களில் ஏப்ரல் திங்கள் முடிவதற்குள் புல்வெளிகள் உருளைகளால் சமன்செய்யப்பட்டுவிடும். அன்று தொடங்கிச் செப்டம்பர் வரையில் சனிக்கிழமைப் பிற்பகல் என்றால் ஆயிரக்கணக்கானோர்க்குக் கிரிக்கெட் ஒன்றே நினைவில் நிற்கும். அவர்களுள் எவரும் ஆட்டத்தால் பிழைப்பவர் அல்லர். ஒருவர் அஞ்சற்காரர், ஒருவர் பள்ளியாசிரியர், ஒருவர் தச்சர். கூலி பெறுவதற்கு மாறாக, ஆடுவதற்குத் தாமே காசு கொடுப்பவர்கள்.

அத்தகைய எழுத்தர் ஒருவரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை கோப்புகளோடு போராடுகிறார். வாரநடுவில் ஒரு மாலை வலைப்பயிற்சி. வெள்ளியன்று வானிலை அறிக்கையை மும்முறை கேட்கிறார். மழை வந்தால் வாரமே வீண். சனிக்கிழமை காலையில், மனைவியின் முகக்குறிப்பைப் பார்த்தும் பாராதவராய், வீட்டு வேலைகளை ஞாயிற்றுக்குத் தள்ளிவைத்துவிட்டு மட்டைப் பையோடு புறப்படுகிறார். ஆடும் முறை வருகிறது. இரண்டாம் பந்து மட்டையின் விளிம்பை மெல்ல உரசிச் சென்று விக்கெட் காப்பாளரின் கையுறைக்குள் அடங்குகிறது. எதிரணியினர் ஒருமித்துக் குரலெழுப்புகின்றனர். நடுவர் தலையசைத்து மறுத்துவிடுகிறார்.

பந்து உரசியது உண்மையென்று ஐயத்துக்கு இடமின்றி அறிந்தவர் அவர் ஒருவரே. கைகளில் அந்த அதிர்வு இன்னும் இருக்கிறது. அவர் வெளியேற வேண்டுமா? நிற்கலாமா?

சட்டம் இதற்கு முழு விடை தரவில்லை. எதிரணியினர் கேட்காத வரையில் நடுவர் எவரையும் ஆட்டமிழந்தவராக அறிவித்தல் கூடாது என்பது மெரில்போன் கிரிக்கெட் கழகம் காத்துவரும் விதி. ஆட்டமிழந்தவர் எவருடைய கேள்விக்கும் காத்திராது தாமே வெளியேறுவதை அவ்விதி தடுக்கவில்லை; வெளியேறத்தான் வேண்டும் என்று கட்டளையிடவும் இல்லை. 2000ஆம் ஆண்டில் ஆட்டத்தின் நன்னெறி பற்றிய முன்னுரை ஒன்று சட்டநூலில் சேர்க்கப்பட்டது. அதற்குப் பின்னும் புகழ்பெற்றவர்கள் இருவேறு வழிகளில் சென்றனர். 2003ஆம் ஆண்டு உலகக் கிண்ண அரையிறுதியில் இலங்கைக்கு எதிராக ஆடிய ஆஸ்திரேலியர் ஆடம் கில்கிறிஸ்ட், நடுவர் மறுத்த பின்னும் தாமே நடந்து சென்றார். 2013இல் நாட்டிங்காமில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடிய இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பிராட், பந்து மட்டையில் பட்டது அரங்கமே அறிந்திருந்தும் நின்றார். அவருடைய அணி 14 ஓட்டங்களால் வென்றது.

நிற்பதை ஆதரிப்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. தவறாக வெளியேற்றப்படும்போது நடுவர் சொல்லுக்குப் பணிந்து செல்கிறோம். அவர் தவறாக நிறுத்திவைக்கும்போது மட்டும் ஏன் மறுக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பர். இரண்டும் ஒரு தராசின் இரு தட்டுகள் போலத் தோன்றும். ஆயின் முன்னதில் அவர் தீங்கைத் தாங்குபவர். பின்னதில் தீங்கு பிறர்மேல் விழுவதை அறிந்தே பார்த்திருப்பவர். பொய் எதுவும் சொல்லவில்லையே என்பர் வேறு சிலர். உண்மைதான், அவர் வாய் திறக்கவே இல்லை. ஆனால் வாய்மையை வள்ளுவர் சொல்லின் வடிவத்தைக் கொண்டு அளக்கவில்லை. பிறர்க்குத் தீமை நேராமையைக் கொண்டே அளந்தார். ஏமாற்றப்பட்ட பந்து வீச்சாளரும் ஐந்து நாள் காத்திருந்து வந்தவர்தாம் அன்றோ!

வெறும் விளையாட்டு, இதற்கு இத்துணை ஆராய்ச்சியா என மாணவர் நகைக்கக்கூடும். தொழில்முறை ஆட்டக்காரர்க்கு அடுத்த வாய்ப்பு சில நாள்களில் வரும். இந்த எழுத்தர்க்கோ, இப்போது நடந்தால், இரண்டு பந்துகளோடு வாரம் முடிந்துவிடும். பணமும் புகழும் இல்லாத இடத்தில் ஆசை இல்லாமற் போவதில்லை. தென் இங்கிலாந்தில் 1960களின் இறுதி வரையில் பெரும்பாலான கழகங்கள் நட்பாட்டங்களே ஆடின. பின்னர்ப் புள்ளிப் பட்டியல்களும் பெருகின. இன்று அவர் நின்றால் அணிக்கும் பயன் உண்டு என்னும் சாக்கும் சேர்ந்துகொள்கிறது.

இன்னொன்றும் உண்டு. கீழ்நிலை அணிகளின் ஆட்டங்களுக்குத் தனி நடுவர் கிடைப்பது அரிது. மட்டை பிடிக்கும் அணியினரே முறைவைத்து வெள்ளங்கி அணிந்து நடுவராக நிற்பர். எனவே தலையசைத்தவர் அயலார் அல்லர். அதே அணியின் இளைஞர். அன்று காலை இவருடைய காரிலேயே வந்தவராகவும் இருக்கலாம். அந்த ஒலி அவர் காதிலும் விழுந்திருக்கலாம். விரலை உயர்த்தினால் மூத்தவரின் சனிக்கிழமையைக் கெடுத்தவர். உயர்த்தாவிட்டால் எதிரணியினர் கண்ணில் ஓரவஞ்சனை செய்தவர். நடுவர் என்னும் சொல்லில் நடுவுநிலைமை அடங்கியிருப்பதைத் தமிழாசிரியர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நடுவில் பதினேழு வயதுப் பிள்ளையைத் தனியே நிறுத்திவிட்டு, தீர்ப்பு அவருடையது என்று மட்டையைத் தட்டிக்கொண்டு அடுத்த பந்துக்கு ஆயத்தமாவது எழுத்தர்க்கு எளிது. அவர் நடந்து சென்றிருந்தால் பந்து வீச்சாளர்க்கு நீதி கிடைத்திருக்கும். அதைவிட, தம் தோழரின் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கியிருக்கும்.

அவர் நின்றாலும் சென்றாலும், ஆட்டமிழந்து திரும்பிய சிறிது நேரத்தில் அந்த வெள்ளங்கி அவருடைய கைக்கு வந்துவிடும். அதைக் கழற்றிக் கொடுப்பவர் அந்த இளைஞரே. அடுத்து மட்டையோடு உள்ளே செல்பவரும் அவரே.