குணமதியாரின் மகன்

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் ஏறி இறங்குகிறவர்களுக்கு ஒரு பெயர் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். ஆனைமலையில், அழகர்மலையில், கருங்காலக்குடியில், கொங்கர்புளியங்குளத்தில் அது இருக்கிறது. மேற்கே உத்தமபாளையத்திலும் பழனிப் பக்கம் ஐவர்மலையிலும் இருக்கிறது. தெற்கே போனால் ஏர்வாடி, அதற்கும் தெற்கே குமரி மாவட்டத்துச் சிதறால். பாறையில் புடைப்பாகச் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவம், அதை ஒட்டி வட்டெழுத்தில் ஒரு சின்ன வரி. அச்சணந்தி செய்தது என்று சொல்லிவிட்டுப் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும்.

யார் இவர்? சமண முனிவர், ஆசிரியர். எழுத்தின் அமைப்பை வைத்து கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர் என்று கணிக்கிறார்கள். அவர் எழுதியதாக ஒரு நூலும் நம் கைக்கு வரவில்லை. சீவக சிந்தாமணியில் சீவகனுக்கு ஆசிரியராக ஓர் அச்சணந்தி வருகிறார்; அவர் கதையில் வாழ்கிறவர். இவருடைய வாழ்க்கை வரலாறு என்று எதையாவது படிக்க வேண்டுமானால் பாறையைத்தான் படிக்க வேண்டும்.

பாண்டிய நாட்டில் சமணத்தின் கதை ஞானசம்பந்தரோடு முடிந்துவிட்டது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அனல்வாதம், புனல்வாதம், கழுவேற்றம் என்று பெரியபுராணம் போட்ட திரை அவ்வளவு கனமானது. கல்வெட்டுகள் அந்தத் திரைக்குப் பின்னாலும் ஆள் நடமாட்டத்தைக் காட்டுகின்றன. சம்பந்தர் காலத்துக்கு 200 ஆண்டுகள் கழித்து, 870இல், ஐவர்மலையில் இருந்த பார்சுவநாதர், இயக்கியர் உருவங்களைச் சாந்திவீரக்குரவர் என்ற முனிவர் புதுப்பித்திருக்கிறார். வழிபாட்டுக்கும் அடியார் ஒருவரின் சோற்றுக்கும் 505 காணம் பொன் ஒதுக்கப்பட்டிருக்கிறது. வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு அது. அச்சணந்தி நடந்தது ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். அரச ஆதரவு பெருமளவும் சிவன் கோயில்களின் பக்கம் போய்விட்டிருந்த நாட்டில், சிதறாலுக்கும் அழகர்மலைக்கும் இடையே 200 கிலோமீட்டருக்கு மேல் ஒரு திகம்பர முனிவரின் பெயர் பரவிக் கிடக்கிறது.

எனக்கு இதில் நெடுநாளாக ஒரு நெருடல் உண்டு. உடுத்துவதற்குத் துணிகூட வேண்டாம் என்று போனவர்கள் இவர்கள். மயிற்பீலியும் கமண்டலமும் போக ஒன்றும் வைத்துக்கொள்ளாதவர்கள். மழைக்காலம் நான்கு மாதம் தவிர ஓரிடத்தில் தங்கக்கூடாது என்று விதித்துக்கொண்டவர்கள். அப்படிப்பட்டவருக்கு மலைக்கு மலை பெயர் எதற்கு? துணியை விட்டவருக்குப் பெயரை விட முடியவில்லையா?

பெயர் ஆசை எப்படிப்பட்டது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். அம்மா நினைவாக ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு குடிநீர்த் தொட்டி கட்டிக்கொடுக்கலாம் என்று உடன்பிறந்தவர்கள் கூடிப் பேசினோம். தொட்டி கட்ட ஆன நாளைவிட, கல்வெட்டில் யார் பெயர் முன்னே வருவது, மருமகன் பெயருக்குப் பின்னால் படிப்பைப் போடுவதா வேண்டாமா என்று பேசித் தீர்க்க ஆன நாள் அதிகம். ஒருவழியாக எல்லார் பெயரும் ஏறியது. அம்மாவின் பெயர் மேலே சின்ன எழுத்தில் நிற்கிறது.

அச்சணந்தியையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம் என்றால், அரிட்டாபட்டி இடிக்கிறது. மேலூர்ப் பக்கத்துக் கழிஞ்சமலையில் ஓர் இயற்கைக் குகை. மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க நெற்றிப்பாறையில் நீளமாக வெட்டிய காடி. குகையைச் செப்பனிட்டுக் கொடுத்தவர்களின் பெயர் சொல்லும் தமிழி எழுத்துகள். அவை அச்சணந்திக்கு ஆயிரம் ஆண்டு முந்தியவை. குகையின் பக்கத்தில் அமர்ந்த கோலத்தில் ஒரு தீர்த்தங்கரர். மேலே பூசிய சுதையும் வண்ணமும் திட்டுத்திட்டாக இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இதைச் செய்வித்தவர் அச்சணந்தி என்று கீழே உள்ள வட்டெழுத்துச் சொல்கிறது. ஆனால் செய்வித்தது பொற்கோட்டுக் கரணத்தார் பேரால். அதாவது, ஊர்க்கணக்கு பார்த்த யாரோ ஒருவரின் பெயரில். போதாதென்று, இதைக் காக்கும் பொறுப்பு பாதிரிக்குடியாருடையது என்றும் எழுதியிருக்கிறது.

முன்னின்று செய்தவர் ஒருவர், புண்ணியம் இன்னொருவர் கணக்கில், காவல் மூன்றாவது ஆட்களிடம். இதைப் படித்த பிறகு மற்ற மலைகளில் தனியாக நிற்கும் அந்தப் பெயரையும் நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். ‘இது என்னுடையது’ என்ற தொனி அதில் எனக்குக் கேட்கவில்லை. நான் செய்தாகிவிட்டது, இனி உங்கள் பாடு என்ற தொனிதான் கேட்கிறது. என் ஊகம்தான். ஆனால் நிரந்தரமாக ஓரிடத்தில் உட்கார முடியாத ஒருவர், மலையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுத்தானே அடுத்த மலைக்குப் போயிருக்க முடியும்?

கீழக்குயில்குடிக்குப் போனால் விஷயம் இன்னும் நெருக்கமாகிறது. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். சமணர்மலையின் படிகளில் ஏறினால் பாதி உயரத்தில், ஒரு சுனையை ஒட்டி, பேச்சிப்பள்ளம். அங்கே ஒரே பாறையில் வரிசையாக எட்டு உருவங்கள்: பாம்பு குடைபிடிக்கும் பார்சுவநாதர், பாகுபலி, மகாவீரர் என்று. ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் உபயம். அவற்றில் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார். அச்சணந்தியின் தாயார் என்று எழுதியிருக்கிறது.

இந்த வரியைக் கடந்து போக எனக்கு மனம் வருவதில்லை. துறவு பூண்டவருக்குத் தாய் ஏது, தந்தை ஏது? பற்று அறுப்பதில் சமணத்தைவிடக் கண்டிப்பான மார்க்கம் இங்கே இருந்ததில்லை. ஆனாலும், ஊரெல்லாம் அறிந்த ஓர் ஆசிரியரின் தாய், தன்னை இன்னாருடைய தாய் என்று கல்லில் சொல்லிக்கொள்கிறார், மகனின் மார்க்கத்துக்குள்ளேயே நின்று. அதற்கு அங்கே யாரும் தடை சொன்னதாகத் தெரியவில்லை.

வீட்டை விட்டுப் போன பிள்ளையைப் பற்றி நம் ஊரில் தாய்மார்கள் பேசுவதைக் கேட்டிருப்போம். ‘எங்கேயோ நல்லா இருந்தாச் சரி’ என்பார்கள். குணமதியார் அப்படிச் சொல்லிவிட்டு வாசலில் உட்காரவில்லை. பிள்ளை போன திசையில் மலையேறி, தன் பங்குக்கு ஒரு திருமேனி வைத்தார். மகன் உறவை அறுத்திருக்கலாம்; அறுபட்ட பிறகும் மறுமுனையைப் பிடித்திருந்தவர் இவர். துறவைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் போகிறவர் பக்கம் நின்றே எழுதினார்கள். வீட்டில் இருந்தவர் பக்கத்துக்குச் சாட்சியாக இந்த ஒரு வரி கிடைத்திருக்கிறது. அச்சணந்தியின் எல்லா மலைகளையும்விட எனக்கு இது பெரிதாகப் படுகிறது. இந்தக் கட்டுரைக்கு அவர் பெயரை விட்டு அவர் தாயின் பெயரை வைத்ததும் அதனால்தான்.

ஒப்படைத்ததை ஊர் எப்படி வைத்துக்கொண்டது? தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. அதே சமணர்மலையின் தென்மேற்கில், நீண்ட காதோடு அமர்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரரைச் செட்டியார் என்று நினைத்து, குகைக்குச் செட்டிப்புடவு என்று பெயர் வைத்தார்கள். முனிவர்கள் படுத்த கற்படுக்கைகள் பல ஊர்களில் பஞ்சபாண்டவர் படுக்கை ஆயின. உத்தமபாளையத்தில் உருவங்கள் இருக்கும் பாறையை ஒட்டிக் கருப்பண்ணசாமி குடிகொண்டார். சிதறால் 13ஆம் நூற்றாண்டில் பகவதி கோயிலானது. வரலாற்றுக்காரர்களுக்கு இதில் வருத்தம் உண்டு. எனக்கு அவ்வளவு இல்லை. சாமியாக நினைத்த கல்லில் யாரும் கடப்பாரை வைப்பதில்லை.

கடப்பாரை வந்தது நம் காலத்தில்தான். மதுரை மாவட்டத்துக் கிரானைட் குவாரிகள் எத்தனை மலைகளைத் தின்றன என்பது ஊரறிந்த கதை. அரிட்டாபட்டியை 2022 நவம்பரில் அரசு பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது. இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய சுமார் 2,000 ஹெக்டேர் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. மேலூர் வட்டாரமே திரண்டது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன, கடைகள் அடைக்கப்பட்டன, 2025 ஜனவரியில் ஆயிரக்கணக்கானோர் மதுரையை நோக்கிப் பேரணியாகக் கிளம்பினார்கள். அதே மாதம் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

அந்தப் பேரணியில் வந்தவர்கள் அச்சணந்திக்காக வரவில்லை. கண்மாய் வற்றிவிடும், வயல் போய்விடும், குலசாமிக்கு இடமிருக்காது என்று வந்தார்கள். அந்த மலையில் வல்லூறும் ராசாளியும் இருக்கின்றன, இன்னொரு பக்கத்தில் குடைவரைச் சிவன் கோயிலும் இருக்கிறது. அவற்றோடு சேர்ந்து தீர்த்தங்கரரும் தப்பித்துக்கொண்டார்.